கேட்கும் செவியைக் காப்பவர்

(தாம்பரத்தில் நடந்த ஆதரவாளர் கூடுகையில் ஆஸ்பத்திரி ஆயர் ஆற்றிய உரை)



இருதயப் பிரிவைப் பற்றியோ பிரசவ வார்டைப் பற்றியோ பேசப்போகிறோம் என்றால் கூட்டம் நிமிர்ந்து உட்காரும். இம்முறை காது மூக்கு தொண்டை மருத்துவரின் பணியைப் பற்றி என்று அறிவித்தபோது, பெரியவர் ஒருவர், "ஐயா, அதிலே சொல்ல என்ன இருக்கு? குரும்பி எடுப்பாங்க, டான்சில் எடுப்பாங்க. அரைமணி நேரத்துக்கு அது வருமா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். வரும் என்றே நினைக்கிறோம். நாங்கள் மருத்துவம் கற்றவர்கள் அல்ல, இறையியல் கற்றவர்கள். படுக்கையருகே நின்று பல ஆண்டுகளாகக் கண்டதையும், நம் டாக்டர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதையும் சொல்லுகிறோம்.

இந்தத் துறை நம் நகரத்துக்குப் புதிதும் அல்ல, சிறிதும் அல்ல. சென்னையில் பேர்பெற்ற காது மூக்கு தொண்டை அறுவை மருத்துவராக இருந்தவர் டாக்டர் பி. வி. செரியன். அவர் 1952 முதல் 1964 வரை சென்னைச் சட்ட மேலவையின் தலைவராக இருந்தார். பின்பு மகாராஷ்டிர ஆளுநராகி, 1969ல் பதவியிலிருக்கும்போதே காலமானார். அத்தனை பேர் பேசும் சபைக்கு ஒரு காது டாக்டரைத் தலைவராக வைத்தது பொருத்தமே என்று எங்களுக்குத் தோன்றுவதுண்டு.

ஆனால் இந்த மருத்துவரின் வேலை என்ன என்பதை விளங்கிக்கொள்ள, தாம்பரத்தில் இருக்கும் நமக்கு வெகுதூரம் போகவேண்டியதில்லை. ஒரு ரயில் நிலையம் போனால் போதும். சானடோரியம் என்பது இன்று பலருக்கு மின்சார ரயில் நிற்கும் ஓர் இடத்தின் பெயர். அந்தப் பெயர் வரக் காரணம், டாக்டர் டேவிட் ஜேக்கப் ஆரோன் சௌரிமுத்து 1928ல் அங்கே தொடங்கிய காசநோய் விடுதி. இங்கிலாந்தின் மெண்டிப் குன்றுகளில் அப்படி ஒரு விடுதியை நடத்திய அனுபவத்தோடு அவர் வந்தார். 1937ல் அரசு அதை எடுத்துக்கொண்டது. அதுதான் இன்றைய அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை. அந்த நாட்களில் காசநோய்க்கு மருந்து இல்லை. காற்று, வெயில், பால், முட்டை, ஓய்வு, இவைதாம் சிகிச்சை. பிழைத்தவர்கள் பிழைத்தார்கள்.

பிறகு 1943ல் அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில், செல்மன் வாக்ஸ்மன் என்பவரின் ஆய்வுக்கூடத்தில், ஆல்பர்ட் ஷாட்ஸ் என்னும் இளம் மாணவர் மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரிலிருந்து ஸ்ட்ரெப்டோமைசினைப் பிரித்தெடுத்தார். காசநோய்க் கிருமியை வென்ற முதல் மருந்து அது. மரித்துப்போவார்கள் என்று எண்ணப்பட்டவர்கள் எழுந்து நடந்தார்கள். ஆனால் நடந்தவர்களில் சிலர் தள்ளாடி நடந்தார்கள். இருட்டில் நிற்க முடியவில்லை என்றார்கள். சிலருக்குக் காது மந்தமானது. கொஞ்ச காலத்திலேயே மருத்துவர்களுக்குக் காரணம் தெரிந்துவிட்டது. காது என்பது கேட்பதற்கு மட்டும் உள்ள உறுப்பு அல்ல, நாம் விழாமல் நிற்பதும் உட்காதின் வேலைதான். நெஞ்சைக் காப்பாற்றிய ஊசி அங்கே போய்ச் சேதம் செய்தது. அதற்குப்பின் வந்த கானமைசின், அமிகாசின் ஆகிய ஊசிகள் கேட்கும் திறனையே அதிகமாகத் தாக்கின. சாதாரண மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய் வந்தவர்களுக்கு, நமது நாட்களிலும் வெகு காலம் இவற்றையே மாதக்கணக்கில் போடவேண்டியிருந்தது.

இது எப்படி நடக்கிறது என்று நம் டாக்டர் ஒருமுறை எங்களுக்குப் படம் வரைந்து காட்டினார். உட்காதில் நத்தைக்கூடு போலச் சுருண்ட ஒரு சிறு குழல் இருக்கிறது. அதற்குள் ஏறக்குறைய 15,000 மயிரணுக்கள் வரிசையாக நிற்கின்றன. ஒலி வந்து அசைக்கும்போது இவையே அதை நரம்புக்குச் சொல்லுகின்றன. பிறக்கும்போது கொடுக்கப்பட்டது எவ்வளவோ அவ்வளவுதான், ஒன்று செத்தால் இன்னொன்று முளைக்காது. கோழிக்கு அது மறுபடி முளைக்கிறதாம், மனுஷனுக்கு முளைப்பதில்லை. குழலின் வாசற்பக்கத்தில் இருப்பவை கீச்சென்ற உயர்ந்த ஒலிகளைக் கேட்பவை. மருந்து முதலில் கொல்வது அவற்றைத்தான்.

ஆகவே நோயாளிக்கு முதலில் ஒன்றும் தெரியாது. சில்வண்டின் சத்தம் கேட்காமற்போனால் யார் கவலைப்படுவார்கள்? பேச்சு கேட்கிறது, பாட்டு கேட்கிறது. கொஞ்சம் கொஞ்சமாகச் சேதம் உள்ளே நகர்ந்து, 'ச', 'த', 'க' போன்ற மெய்யெழுத்து ஒலிகள் மங்கி, "பேசுறது கேக்குது, என்ன பேசுறாங்கன்னு புரியல" என்று அவர் சொல்லும்போது, போனது போனதுதான். திரும்ப வராது.

ஆனால் அவர் அறியுமுன்னே ஒரு கருவி அறியும். சத்தம் புகாத அறையில் உட்காரவைத்து, காதில் ஒலிபெருக்கியை மாட்டி, ஒவ்வொரு ஒலியாகக் கொடுத்து, கேட்டவுடன் பொத்தானை அழுத்தச் சொல்லி எடுக்கும் கேட்டல் சோதனைப் படம் அது. முதல் ஊசிக்கு முன்பே ஒன்று எடுத்துவைக்க வேண்டும். அது இல்லாவிட்டால் பிற்பாடு எதோடு ஒப்பிடுவது? பின்பு சிகிச்சை முடியும்வரை திரும்பத் திரும்ப எடுக்க வேண்டும். 8,000 ஹெர்ட்ஸிலும் அதற்கு மேலும் கோடு சரியத் தொடங்கினால், காது மருத்துவர் நெஞ்சக மருத்துவருக்கு ஒரு சீட்டு எழுதுகிறார். மருந்தின் அளவைக் குறைக்க முடியுமா, மாற்ற முடியுமா என்று இருவரும் பேசுகிறார்கள். அந்தப் பேச்சு எளிதானது என்று நினைத்துவிடாதீர்கள். ஒருபக்கம் உயிரைக் குடிக்கும் நோய், மறுபக்கம் ஒரு மனிதன் மற்ற மனிதரோடு சேர்ந்து வாழ்வதற்கான வழி. இந்தச் சீட்டுத்தான் எங்கள் பார்வையில் அந்த மருத்துவர் செய்யும் பெரிய வேலை. கத்தியும் இல்லை, ரத்தமும் இல்லை. யாரும் அதற்குப் புகைப்படம் எடுக்கவுமாட்டார்கள்.

அந்தச் சீட்டு எழுதப்படாமல் போன ஒருவரை எங்களுக்குத் தெரியும். பெயர் வேண்டாம். ஆட்டோ ஓட்டிப் பிழைத்தவர். வேறொரு ஊரில் பல மாதம் ஊசி போட்டுக் காசநோய் முற்றிலும் குணமாகி, இங்கே பல்லாவரம் பக்கம் குடியேறினார். அவரிடத்தில் யாரும் கேட்டல் சோதனை எடுத்திருக்கவில்லை. பின்னால் வரும் பஸ்ஸின் ஹாரன் கேட்காததால் ஆட்டோவை விட்டார். கூப்பிட்டால் திரும்பாததால் தெருவில் 'கர்வம் பிடிச்சவன்' என்று பெயர் எடுத்தார். வீட்டிலே பேச்சு குறைந்து, கடைசியில் சைகையும் கோபமும் மிஞ்சின. அவர் மனைவி எங்களிடம், "உயிரைக் குடுத்த மருந்து ஐயா, அதைக் குறை சொல்ல வாய் வரல. ஆனா இவரு வீட்டுல இருந்தும் இல்லாத மாதிரி இருக்கு" என்றார். நாங்கள் வேதவசனம் வாசித்தபோது அவர் எங்கள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். ஜெபத்துக்குக் கண்ணை மூடச்சொன்னால் அவருக்கு உதடும் போய்விடும். அன்றுமுதல் அந்த வீட்டில் கண்ணைத் திறந்துகொண்டே ஜெபிக்கிறோம்.

இன்று நிலைமை நல்லவிதமாக மாறியிருக்கிறது என்பதையும் சொல்லவேண்டும். 2018லும் 2019லும் உலக சுகாதார நிறுவனம் தன் ஆலோசனையை மாற்றி, கானமைசினையும் காப்ரியோமைசினையும் காசநோய்க்கு இனி வேண்டாம் என்றது. அமிகாசின் போன்றவற்றை வேறு வழியில்லாதபோது மட்டும், கேட்டல் சோதனையோடு சேர்த்தே கொடுக்கவேண்டும் என்றது. ஊசியே இல்லாமல் ஆறு மாதத்தில் முடியும் புதிய மாத்திரைச் சிகிச்சையை 2024 செப்டம்பரில் நமது மத்திய அரசு அங்கீகரித்தது. அந்த மாத்திரைகளுக்கும் வேறு பக்கவிளைவுகள் உண்டு. அவற்றில் ஒன்று கண் நரம்பையும் கைகால் நரம்பையும் பார்த்துக்கொள்ளச் சொல்லுகிறது. காதுக்கு வந்த ஆபத்து மட்டும் பெருமளவு நீங்கிற்று. ஆகிலும் பச்சிளங் குழந்தைகளின் கிருமித்தொற்றுக்கு ஜெண்டாமைசின் ஊசி இன்றும் உண்டு. புற்றுநோய்க்குச் சிஸ்பிளாட்டின் உண்டு, அதுவும் காதைத் தொடும். தாய்வழியில் வரும் ஒரு மரபணு மாற்றம் உள்ள குடும்பங்களில் இவ்வகை ஊசி மிகக் கொஞ்சமாகப் போட்டாலும் காது போய்விடலாம். "அம்மா பக்கத்துல யாருக்காவது ஊசி போட்டதும் காது கேக்காமப் போச்சா?" என்று டாக்டர் கேட்டால், அது வம்பு விசாரிப்பதல்ல. யோசித்துப் பதில் சொல்லுங்கள்.

கேள்வி என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. பிறவியிலேயே காது கேளாத குழந்தையைக் கொண்டுவந்தால், "சொந்தத்துல கட்டினீங்களா?" என்று கேட்பார்கள். பெற்றோர் தலையைக் குனிவார்கள். மாமன் மகள், அக்காள் மகள் என்று கட்டுவது நம் ஜனங்களில் பழைய வழக்கம், சபைக்குள்ளும் இருக்கிற வழக்கம். இரத்த உறவில் திருமணம் செய்யும்போது இத்தகைய பிறவிக் குறை வரும் வாய்ப்பு கூடுகிறது என்பது மருத்துவர்கள் எல்லாரும் ஒத்துக்கொண்ட காரியம். குழந்தை வந்தபிறகு பெற்றோரைக் குற்றப்படுத்துவதில் பயனில்லை. இதைக் கல்யாணம் பேசுகிற பெரியவர்களிடம் சொல்லவேண்டும், ஓலை வாசிக்கும் நாளில் அல்ல, அதற்கு வெகு முன்னே.

காது கேளாத குழந்தை பார்ப்பதற்கு எல்லாக் குழந்தையையும் போலத்தான் இருக்கும். சிரிக்கும், தவழும். "தட்டைத் தட்டினோம், திரும்பினானே" என்பார்கள். தட்டின் அதிர்வைத் தரை சொல்லியிருக்கும், கை அசைவைக் கண் பார்த்திருக்கும். பிறந்த சில நாட்களுக்குள் தூங்குகிற குழந்தையின் காதில் ஒரு சிறு குமிழை வைத்துச் சில நிமிஷத்தில் பார்த்துவிடலாம், வலியே இல்லை. ஒரு மாதத்துக்குள் சோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதி, ஆறு மாதத்துக்குள் சிகிச்சை என்பது மருத்துவர்கள் வைத்திருக்கும் கணக்கு. ஏனெனில் மூளை பாஷையைக் கற்கும் காலம் காத்திருப்பதில்லை. இரண்டரை வயதில், "இன்னும் பேச்சு வரல, அவங்க தாத்தாவுக்கும் லேட்டாத்தான் வந்துச்சாம்" என்று கொண்டுவருகிறவர்கள்தான் எங்கள் டாக்டரை அதிகமாகத் துக்கப்படுத்துகிறார்கள்.

கேட்புக் கருவியால் பயன்பெறாத குழந்தைக்கு இன்று காக்ளியர் இம்ப்ளாண்ட் இருக்கிறது. அதை உருவாக்கியவர்களில் ஒருவர் ஆஸ்திரேலியாவின் கிரேம் கிளார்க். அவருடைய தகப்பனார் மருந்துக்கடை நடத்திய, காது கேளாத மனிதர். கடைக்கு வந்தவர்கள் இரகசியமாகக் கேட்கவேண்டிய மருந்தையும் உரக்கக் கேட்கவேண்டியிருந்ததைச் சிறு வயதில் பார்த்து வளர்ந்தவர் கிளார்க். சுருண்ட குழலுக்குள் மின்கம்பியை எப்படிச் செலுத்துவது என்று தெரியாமல் தவித்திருந்தபோது, 1977ல் கடற்கரையில் ஒரு சங்குக்குள் புல்லைச் செலுத்திப் பார்த்து வழி கண்டார். அடி கெட்டியாகவும் நுனி வளையக்கூடியதாகவும் இருந்த புல் உள்ளே சுருண்டு போயிற்று. அடுத்த ஆண்டே மெல்பர்னில் முதல் நோயாளிக்கு அதைப் பொருத்தினார். நம் தமிழ்நாட்டில் 6 வயதுக்குட்பட்ட ஏழைக் குழந்தைகளுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் இந்தச் சிகிச்சை கிடைக்கிறது. கட்டாயம் தெரிந்திருக்க வேண்டிய செய்தி இது. உங்கள் சபையில் அறிவித்தால் நலம். ஆனால் கருவியைப் பொருத்திய அன்றே பிள்ளை பேசாது. அதற்குப்பின் ஓராண்டு, இரண்டாண்டு பயிற்சி வேண்டும். அறுவை டாக்டர் இரண்டு மூன்று மணி நேரம் செய்த வேலையைத் தாயானவள் ஆயிரம் மணி நேரம் தொடரவேண்டும். பஸ் செலவுக்குப் பணமில்லாமல் பயிற்சியை நிறுத்தினால் உள்ளே வைத்த கருவி சும்மா கிடக்கும்.

கருவி எல்லாருக்கும் பொருந்துவதுமில்லை. சைகைமொழியிலேயே படித்து, வேலைக்குப்போய், குடும்பம் நடத்துகிறவர்கள் நம்மிடையே அநேகர். பாளையங்கோட்டையில் புளோரன்ஸ் ஸ்வைன்சன் அம்மையார் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே செவிகேளாத பிள்ளைகளுக்கென்று பள்ளி தொடங்கினார். எந்தப் பிள்ளைக்கு எது ஏற்றது என்று நேர்மையாகச் சொல்லுவதும் காது மருத்துவரின் வேலைதான்.

சீழ் வடியும் காதைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் எங்கள் டாக்டர் கோபிப்பார். ஏரிக்கரைக் குடியிருப்புகளிலிருந்து வருகிற பிள்ளைகளில் இதுவே அதிகம். "சின்ன வயசுலேருந்தே அப்படித்தான், பஞ்சு வெச்சிருக்கோம்" என்பார்கள். சளியும் சுரமும் வந்து, செவிப்பறை ஓட்டையாகி, ஆறாமல் நின்றுவிட்ட காது அது. அதில் ஒரு வகை எலும்பை மெல்ல அரித்துக்கொண்டே போகும். மேலே ஒரு மெல்லிய எலும்புத் தட்டுக்கு அப்பால் மூளை. அங்கே எட்டினால் மூளையில் சீழ்க்கட்டி. நாற்றமடிக்கும் சீழ், தலைவலி, தலைசுற்றல், வாய் ஒருபக்கம் கோணுதல், இவற்றில் எதுவும் வந்தால் மறுநாளைக்கு வைக்காதீர்கள். காய்ச்சிய எண்ணெய், பூண்டுச் சாறு, கொண்டை ஊசி, பஞ்சு சுற்றிய குச்சி இவற்றில் ஒன்றும் காதுக்குள் போகவேண்டாம். காதை உலர்ந்ததாக வைப்பதே பாதி மருந்து. பாக்கிப் பாதிக்கு மருத்துவர் நுண்ணோக்கியின் கீழே, காதின் மேல்புறத்துச் சதைப்போர்வையிலிருந்து ஒரு சிறு துண்டை எடுத்து, ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் அகலமுள்ள செவிப்பறைக்கு ஒட்டுப்போடுகிறார். அதற்குப் பின்னால் இருக்கும் அங்கவடி எலும்பு மூன்று மில்லிமீட்டர்தான், உடம்பிலேயே சிறிய எலும்பு.

மூக்கையும் தொண்டையையும் சுருக்கமாக முடிக்கிறோம். 2021ல் கொரோனாவுக்குப் பின்னே கரும்பூஞ்சை வந்தபோது, மூக்கின் வழியாகக் கருவி செலுத்தி, அழுகிய பாகத்தைச் சுரண்டியெடுத்துக் கண்ணையும் உயிரையும் காப்பாற்ற முன்னே நின்றவர்கள் இந்த மருத்துவர்கள். குரல் கம்மி மூன்று வாரத்துக்கு மேலாகியும் தெளியவில்லை என்றால், அதிலும் புகையிலைப் பழக்கம் உள்ளவரானால், கற்பூரவல்லிச் சாறு குடித்துக்கொண்டிராமல் தொண்டையைக் காட்டவேண்டும். குரல்வளைப் புற்றுநோய் ஆரம்பத்தில் தெரிந்தால் பெரும்பாலும் குரலையும் காப்பாற்றலாம். பிள்ளை மூக்கில் பட்டன் பேட்டரியைப் போட்டுக்கொண்டால் சில மணி நேரத்துக்குள் எடுக்கவேண்டும், அது சதையை அரித்துவிடும். மொச்சைக்கொட்டைக்குக் கொஞ்சம் அவகாசம் உண்டு, பேட்டரிக்கு இல்லை.

உலகத்தில் 43 கோடி பேருக்குச் சிகிச்சையோ கருவியோ தேவைப்படும் அளவுக்குக் கேட்டல் குறை உண்டு என்று உலக சுகாதார நிறுவனம் 2021ல் கணக்குச் சொன்னது. ஜி.எஸ்.டி. சாலையின் ஹாரன்களுக்கும், திரிசூலத்துக் கல்லுடைப்புக்கும் நடுவே வளர்ந்த இந்தப் புறநகரில் அது நமக்கு ஆச்சரியமாயிராது. 85 டெசிபலுக்கு மேற்பட்ட சத்தத்தில் தினமும் எட்டு மணி நேரம் இருந்தால் காது கெடும் என்பது பொதுக் கணக்கு. நம் கன்வென்ஷன் பந்தல்களில் பெட்டிபெட்டியாக அடுக்கும் ஸ்பீக்கர்கள் அதை எளிதாகத் தாண்டும். கடவுளுக்குக் காது மந்தமில்லை என்று நம் டாக்டர் ஒருமுறை கமிட்டியில் சொன்னார். யாரும் குறிப்பில் எழுதவில்லை.

மாற்கு எழுதின சுவிசேஷத்தின் 7ஆம் அதிகாரத்தில், செவிடனும் கொன்னவாயனுமாகிய ஒரு மனிதனை ஆண்டவரிடத்தில் கொண்டுவருகிறார்கள். ஆண்டவர் முதலில் அவனை ஜனக்கூட்டத்தை விட்டுத் தனியே அழைத்துக்கொண்டு போகிறார். அதன்பிறகே அவன் காதுகளில் விரலை வைக்கிறார். பல ஆண்டுகள் இந்தப் பகுதியைப் பிரசங்கித்திருக்கிறோம். ஆனால் கேட்டல் சோதனை அறையின் கனத்த கதவு சாத்தப்படுவதை வெளியே நின்று பார்த்தபோதுதான் அந்தத் 'தனியே' என்ற சொல் எங்களுக்குப் புதிதாயிற்று. கூட்டத்தின் இரைச்சலில் ஒருவருடைய காதைச் சோதிக்க முடியாது.

இதை ஏன் சொல்லுகிறோம் என்றால், நன்கொடையாளர்களுக்கு அறுவைசிகிச்சை நுண்ணோக்கி பிடித்திருக்கிறது. அது பளபளப்பாயிருக்கிறது, பெயர்ப் பலகை பொறிக்க இடமிருக்கிறது. வாங்கித் தந்தவர்களுக்கு ஸ்தோத்திரம். ஆனால் சத்தம் புகாத ஓர் அறையும், அதற்குள் நாள் முழுதும் உட்கார்ந்து பொறுமையாய்ச் சோதிக்கிற ஒரு கேட்டல் நிபுணரின் மாதச் சம்பளமும் இல்லாவிட்டால், நாம் முதலில் சொன்ன அந்தச் சீட்டு எழுதப்படாது. சம்பளத்துக்குப் பலகை வைக்க முடியாது. எது அதிக அவசியம் என்று எங்களைக் கேட்டால் அறையும் சம்பளமும் என்போம். டாக்டரைக் கேட்டாலும் அதையே சொல்லுகிறார்.

கடைசியாக ஒரு சிறு காரியம். முதியோருக்குக் கொடுத்த கேட்புக் கருவிகளில் எத்தனையோ பீரோவில் தூங்குகின்றன. கருவி கெட்டிருக்காது. பேட்டரி தீர்ந்திருக்கும், அல்லது காதில் வைக்கும் அச்சில் குரும்பி அடைத்திருக்கும். மகனும் மருமகளும் வேலைக்குப் போய்விட, பாட்டிக்கு அந்தச் சின்னக் கதவைத் திறக்க விரல் நடுங்கும். அச்சைக் கழற்றி வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கழுவி, குழாயை ஊதி உலர்த்தி மாட்டவும், பேட்டரி மாற்றவும் பத்து நிமிஷத்தில் கற்றுக்கொள்ளலாம். இன்று மதிய உணவுக்குப் பின் புறநோயாளர் பகுதியில் நம் கேட்டல் நிபுணர் அதைக் காட்டித் தருவார். வீடுகளைச் சந்திக்கப் போகிற பெண்கள் ஐக்கியத்தாரும் வாலிபரும் தயவுசெய்து இருந்து பார்த்துவிட்டுப் போங்கள். சந்திப்புக்குப் போகும்போது பையில் வேதாகமத்தோடு ஒரு பட்டை பேட்டரியும் இருக்கட்டும்.